மாமைற் உருண்டை கொடுத்த டொக்டர்: வன்னிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஒட்டுசுட்டான் ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, வெள்ளைக்காரர் காலத்து ஆள் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். வழக்கமாக எல்லாரும் இராமநாதன், அருணாசலம் என்றுதான் எடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு டொக்டராக வர ஆசை. அதனால் டொக்டராகவும் அரசியல்வாதியாகவும் இருந்த எஸ். ஏ. விக்கிரமசிங்கவை எடுத்துக் கொடுத்தேன். மாத்தறைப் பக்கத்தவர், லண்டனில் மேற்படிப்பு, 1931இல் மொரவக்கவிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர், 1934-35 மலேரியாவில் கேகாலைப் பக்கம் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவர், 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். இவ்வளவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளை அதை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "ரீச்சர், காய்ச்சலுக்குப் பேர்போன இடம் எங்கட வன்னிதானே? பிறகு ஏன் கேகாலையில் அவ்வளவு பேர் செத்தார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் இன்னொருவர், தெற்கில் இருந்த டொக்டர் ஒருவரை எங்கள் பிள்ளை ஏன் பேச வேண்டும் என்று கேட்டார். அதற்கும் நல்ல பதில் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கேணி மலேரியாக்காரன்

ரீச்சர், பிள்ளை கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் அந்த டொக்டர் செய்தது என்னவென்று விளங்கும்.

நான் 1978இல் மலேரியா தடை இயக்கத்தில் மருந்தடிக்கச் சேர்ந்தவன். 2016இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தெட்டு வருடமும் வன்னியில்தான். முதுகில் பம்பு, கையில் பெயர்ப் புத்தகம், பையில் குளிசையும் இரத்தம் எடுக்கும் கண்ணாடித் துண்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம், துணுக்காய், மல்லாவி என்று நான் நுழையாத படலை குறைவு.

என் அம்மம்மா பெற்றது எட்டு, மிஞ்சியது மூன்று. போனவர்களைப் பற்றிக் கேட்டால் "காய்ச்சலும் கட்டியும்" என்பார். கட்டி என்றது வயிற்றில் இடப்பக்கம் வீங்கி நிற்கும் மண்ணீரலை. வெள்ளைக்காரர் காலத்தில் மலேரியாவை அளந்ததே அப்படித்தான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தடவி, நூறு பேரில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். எங்கள் குளங்களின் கீழ் இருந்த ஊர்களில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்பே நாலைந்து தரம் காய்ச்சல் கண்டுவிடும். அதில் பல பிள்ளைகள் போய்விடும். தப்பிய பிள்ளையின் உடம்பு நோயோடு ஓரளவு பழகிவிடும். வளர்ந்த பிறகு குளிர் உதறும், இரண்டு நாள் பாயில் கிடப்பார்கள், மூன்றாம் நாள் வயலுக்குப் போவார்கள். ஆகவே வன்னியில் சாவு இல்லாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும், வருடா வருடம், தொட்டில் பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போவதை யாரும் கொள்ளைநோய் என்று எழுதவில்லை.

கேகாலைப் பக்கம் வேறு கதை. அது ஈரமான நாடு. ஆறு நிறைந்து ஓடும்வரை மலேரியா நுளம்பின் குடம்பி அதில் நிற்காது, வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றி மணலில் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த தேங்கு நீர்தான் அந்த நுளம்புக்கு வேண்டியது. கனகராயன் ஆறு வற்றும்போது மணலில் நிற்கும் குழிகளைப் பிள்ளை பார்த்திருப்பாள், அதேதான். நுளம்பு பெருகியது, ஆட்களின் உடம்போ பழகாத உடம்பு. அதோடு உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இறப்பர், தேங்காய் விலை விழுந்து வேலை இல்லை. மழை இல்லாததால் வயலும் இல்லை. 1934 கடைசியில் தொடங்கி 1935 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். காய்ச்சல் கண்டவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

இதை நான் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ளவில்லை, கண்ணால் கண்டேன். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து, கிளாலி கடந்து எங்கள் பக்கம் வந்ததே, அப்போது. மரத்தடியிலும் ஓலைக் கொட்டிலிலும் இருந்தார்கள். எங்கள் ஊர்க் கமக்காரர் இரண்டு நாளில் எழும்பிப் போகும் காய்ச்சலில், நல்லூரில் இருந்து வந்த இருபத்தைந்து வயதுப் பெடியன் நினைவு தப்பிக் கிடந்தான். வந்த சனத்துக்கு இந்தக் காய்ச்சல் புதிது. மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் ஐந்து பேரில் ஐந்து பேரின் இரத்தத்திலும் கிருமி இருந்தது. கரண்ட் இல்லை. நுணுக்குக்காட்டியின் அடிக் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பித்தான் பார்ப்போம், மழை மூட்டமான நாளில் அதுவும் இல்லை. 1934இல் கேகாலை எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கொட்டில்களில்தான் எனக்கு விளங்கியது.

சரி, டொக்டருக்கு வருகிறேன்.

அப்போது அரசாங்க மருந்தகங்களில் கொயினா கொடுத்தார்கள். மைல் கணக்கில் நடந்து வந்து வாங்கினார்கள். விக்கிரமசிங்கவும் சூரியமல் இயக்கத்து (பொப்பிப் பூவுக்குப் பதிலாக உள்ளூர்ப் பூ விற்றவர்கள், பிறகு சொல்கிறேன்) இளைஞர்களும் கேகாலை மாவட்டத்துக்குள் போனபோது அவர் கண்டது என்ன தெரியுமா? காய்ச்சல் இறங்கிய ஆளும் எழும்பவில்லை. உடம்பில் நோயோடு நிற்கச் சத்து இல்லை. கொயினா கிருமியைக் கொல்லும், பட்டினியைக் கொல்லாது. அதனால் மாமைற்றை வாங்கி, நாட்டு வைத்தியரின் குளிகை மாதிரிச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள். மாமைற் பியர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது, பி உயிர்ச்சத்து நிறைந்தது. போத்தலோடு கொடுத்தால் கிராமத்து ஆள் அதைத் தொட மாட்டார். பரியாரியாரின் உருண்டை என்றால் வாயில் போடுவார். லண்டனில் படித்த டொக்டர் அந்த உருண்டை வழிக்கு இறங்கி வந்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், 1996இல் துணுக்காய்ப் பக்கம் ஒரு தாய்க்குக் குளிசை நீட்டினேன். கையை நீட்டவில்லை. "தம்பி, வெறும் வயிற்றில் இதைப் போட்டால் சத்தியாகப் போகுது. ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்திருந்தால் குளிசையும் நின்றிருக்கும்" என்றார். என் பையில் குளிசை மட்டும்தான். அன்று பின்னேரம் எங்கள் அறையில் இருந்த சின்னப் பை அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் பக்கத்துக் கொட்டிலுக்கு என்ன கொடுப்பது? ஒரு டொக்டர் ஏன் அரசியலுக்குப் போகிறார் என்று உங்கள் பிள்ளை கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குப் பையில் இருக்கும் அரிசி போதும். ஒரு மாவட்டத்துக்கு யாராவது சபையில் எழும்பி நின்று கேட்க வேண்டும்.

அவர் அந்தச் சபைக்குப் போனது மலேரியாவுக்கு முதலே. 1931இல் டொனமூர் திட்டத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த முதல் தேர்தல். எங்கள் பக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்து நான்கு ஆசனம் வெறுமையாகக் கிடந்தது, அது ரீச்சருக்குத் தெரியும். முழுச் சுதந்திரம் இல்லை என்பதால் அவர்கள் போகவில்லை. அதே சுதந்திரத்தைக் கேட்டுக்கொண்டே இவர் உள்ளே போனார். எது சரி என்று வகுப்பில் பிள்ளைகளை வாதாட விடலாம்.

1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். அடுத்த வருடத் தேர்தலில் இவர் மொரவக்கவில் தோற்றுப் போனார். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லவில், மலேரியா நேரம் கூட நின்ற என். எம். பெரேரா வென்றார். மருந்தும் உருண்டையும் கொடுத்த ஊர் மறக்கவில்லை.

சூரியமல் பற்றி ஒன்று. சூரியமல் என்றால் எங்கள் பூவரசம்பூ. வேலியில் நிற்கிறதே, இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுகிறார்களே, அந்தப் பூவரசு. வருடா வருடம் நவம்பர் 11ஆம் திகதி முதலாம் உலகப்போர் நினைவுக்குச் செயற்கைப் பொப்பிப் பூ விற்பார்கள், அந்தக் காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகும். அதற்குப் பதிலாக இவர்கள் இந்த மண்ணில் பூக்கும் மஞ்சள் பூவை விற்றார்கள். பிள்ளை பேச வரும்போது சட்டையில் ஒன்று குத்திக்கொண்டு வரட்டும். காலையில் பறித்தால்தான் மஞ்சள். பின்னேரம் சிவந்து வாடிவிடும்.

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி, வவுனியா

அண்ணை சொன்ன கட்டியைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். கர்ப்பிணித் தாய்மாருக்கு மலேரியா வந்தால் இரத்தம் குறைந்து, பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், இல்லாவிட்டால் வயிற்றிலேயே போய்விடும். 80களிலும் 90களிலும் எங்கள் கிளினிக்குக்கு வரும் தாயின் கண் இமையை இழுத்துப் பார்த்தால் கடதாசி மாதிரி வெளிறியிருக்கும். இரத்தம் ஊற கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு என்று சொல்லி அனுப்புவோம். முட்டை எங்கே இருந்தது? அந்த மாமைற் உருண்டையை வாசித்தபோது எனக்கு அந்த முகங்கள்தான் வந்தன.

ரீச்சர், பேச்சில் அவருடைய மனைவியையும் விட்டுவிடாதீர்கள். டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண். 1930இல் மாத்தறை சுஜாதா வித்தியாலயத்துக்கு அதிபராக வந்தவர். 1933இல் இருவரும் திருமணம் செய்தார்கள். சூரியமல் இயக்கத்துக்குத் தலைவியாக இருந்தவர் அவர்தான். ஆங்கிலேயப் பெண் ஒருத்தி பொப்பிப் பூவுக்கு எதிராக நின்றார் என்பதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நடந்தது. 1952இல் அக்குரஸ்ஸவில் இருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார்.

இரணைமடுவான்

எல்லாம் சரி. நான் கொஞ்சம் கசப்பான பக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, குறை நினைக்காதீர்கள். 1966 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பில் என்ன நடந்தது? தமிழ்மொழி உபயோக ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஊர்வலம் போனவர்களில் இவருடைய கட்சியும் இருந்தது. எங்கள் மொழியில் ஒரு கடிதம் எழுதும் உரிமைக்கு எதிராகத் தெருவில் இறங்கிய கட்சித் தலைவரை எங்கள் பிள்ளை மேடையில் புகழ வேண்டுமா? ஆசிரியர் அறையில் கேட்டவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் அப்பா அந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டவர். அந்த நாளுக்குப் பிறகு செத்தும் போடவில்லை.

நெடுங்கேணி மலேரியாக்காரன்

இரணைமடுவான் தம்பி, நீர் சொன்னது உண்மை. நான் முதலில் எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டது பிழை.

முழுக்கதையையும் வைக்கிறேன். 1940 அளவில் சமசமாஜக் கட்சி பிளந்தது, இவரும் மற்றவர்களும் வெளியே வந்து 1943 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார்கள். அடுத்த வருடமே அந்தக் கட்சி, தமிழர் ஒரு தனித் தேசிய இனம், அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று தீர்மானம் எடுத்தது. 1944இல் அதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தார்கள். அதே வருடம் பருத்தித்துறையில் எங்கள் சனம் அந்தக் கட்சியின் பொன்னம்பலம் கந்தையாவை வெல்ல வைத்தது. உமது அப்பா மாதிரி எத்தனையோ பேர் அவர்களை நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் 1966இல் உடைத்தார்கள். வாக்குக்காகக் கொள்கையைக் கைவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

ஆனால் 1935இல் கேகாலைச் சேற்றில் நடந்து போன டொக்டரை 1966 அழித்துவிடாது. அந்த டொக்டரைக் காட்டி 1966ஐ மறைக்கவும் கூடாது. பிள்ளைக்குப் பதினைந்து வயது, இரண்டையும் தாங்குவாள். ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடம் மலேரியா, ஒரு நிமிடம் இது. என் யோசனை அவ்வளவுதான், ரீச்சர் முடிவெடுக்கட்டும்.

இரணைமடுவான்

சரி அண்ணை. அந்த ஒரு நிமிடத்தை விடாமல் சொல்ல வைத்தால் எனக்கு மறுப்பில்லை. 1944ஐயும் சொல்லட்டும். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும், எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. பிள்ளைக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 1966ஐ அவளே கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

அவளுக்கு இப்போது இன்னொரு கேள்வி. மருந்தடித்துத்தானே மலேரியா போனது, அப்படியென்றால் டொக்டர் சொன்ன சாப்பாட்டுக் கதை எங்கே வருகிறது? அதோடு, மலேரியா இல்லை என்கிறார்கள், ஆனால் காய்ச்சல் என்று போனால் ஆஸ்பத்திரியில் இன்னும் ஏன் அதற்கு இரத்தம் பார்க்கிறார்கள்?

நெடுங்கேணி மலேரியாக்காரன்

இந்தப் பிள்ளை டொக்டராக வருவாள்.

மருந்து பெரிய வேலை செய்தது, அதில் சந்தேகமில்லை. 1946 அளவில் நாடு முழுக்க டீடீரீ அடிக்கத் தொடங்கினார்கள். இந்த நுளம்பு இரவில் வீட்டுக்குள் வந்து குடித்துவிட்டு வயிறு கனத்துச் சுவரில் இருக்கும். சுவரில் மருந்து இருந்தால் செத்துவிடும். 1963இல் நாடு முழுவதும் கண்டுபிடித்தது வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், பணமும் ஆட்களும் குறைந்தன. 1969இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் நோயாளர். நான் சேர்ந்தபோது டீடீரீக்கு நுளம்பு சாகாமல் போய், மலத்தியன் வந்திருந்தது. அந்த மணம் மூன்று நாள் சட்டையை விட்டுப் போகாது. வீட்டுக்காரர் பாத்திரத்தையும் கோழியையும் வெளியே எடுக்க வேண்டும். பலர் நாங்கள் படலை தாண்டியதும் சுவரைச் சாணத்தால் மெழுகிவிடுவார்கள், மருந்து அடியில் போய்விடும். திட்டிப் பயனில்லை. மண்சுவருக்கு மெழுகாமல் இருக்க முடியாது, தைப்பொங்கல் வருகிறது, வீடு சுத்தமாக வேண்டும். முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்து, பொங்கலுக்கு முதல் மெழுகுங்கள், பிறகு நாங்கள் வந்து அடிக்கிறோம் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அதன் பிறகு எங்கள் ஊர்களில் மருந்து நின்றது. முகாம்களில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. சுவரே இல்லாத கொட்டிலில் எங்கே அடிப்பது? வீடும் சோறும் இல்லாத இடத்தில் மருந்து பாதி வேலைதான் செய்யும். டொக்டர் சொன்னது அங்கேதான் வருகிறது.

இந்த நாட்டுக்குள்ளேயே தொற்றிய மலேரியா கடைசியாக 2012இல் கண்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. நான் ஓய்வுபெற்ற வருடமும் அதுதான். அன்று அம்மம்மா இல்லையே என்றுதான் இருந்தது.

ஆனால் போனது கிருமி மட்டும், நுளம்பு போகவில்லை. கனகராயன் ஆற்றுக் குழிகளில் இப்போதும் இருக்கிறது. அதோடு 2016 கடைசியில் மன்னாரில் ஒரு புது மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள், கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும் இனம். இந்தியாவில் இருந்தோ ஆபிரிக்காவில் இருந்தோ ஒருவர் கிருமியோடு வந்து, கவனிக்காமல் விட்டால் திரும்பவும் தொடங்கலாம். இப்போது எங்கள் பிள்ளைகளின் உடம்பும் பழகாத உடம்புதான், 1934இல் கேகாலை மாதிரி. அதனால்தான் இரத்தம் பார்க்கிறார்கள். வெளிநாடு போய்வந்த ஆளுக்குக் காய்ச்சல் என்றால், ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக எங்கே போய்வந்தோம் என்று சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையின் பேச்சில் இது கட்டாயம் வர வேண்டும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

வரும் அண்ணை. வெள்ளிக்கிழமை ஏழரைக்குக் கூட்டம். நீங்களும் வந்து பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுப்பது எப்படி என்று காட்ட முடியுமா? அதிபரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம்.

நெடுங்கேணி மலேரியாக்காரன்

வருகிறேன். பழைய கண்ணாடித் துண்டு நாலைந்து வைத்திருக்கிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்கு ஒட்டுசுட்டானில் நிற்பேன். பூவரசம்பூவை நான் கொண்டுவருகிறேன், எங்கள் வேலியில் இந்தக் கிழமை நிறையப் பூத்திருக்கிறது.